நீதிமன்றச் சீர்திருத்தச் சட்டமுன்வடிவைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பது எப்படி: சேலம் மாவட்ட வாசகர்களுக்கு ஒரு வழிகாட்டி

நீதிமன்றங்களைச் சீரமைக்கப் பேரவையில் சட்டமுன்வடிவு வரப்போகிறது என்று ஒரு செய்தி வெளியானால், அஸ்தம்பட்டி ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தை ஒட்டிய தேநீர்க் கடைகளில் அன்று மாலைக்குள் இரண்டு கட்சிகள் உருவாகிவிடும். இனி வாய்தா என்ற பேச்சே இருக்காது என்று ஒரு தரப்பு சொல்லும். எத்தனை சட்டம் வந்தாலும் கேஸ் கட்டு தானாக நகராது என்று மறுதரப்பு சொல்லும். இரு தரப்பினரும் அந்த முன்வடிவைக் கையால் தொட்டிருக்க மாட்டார்கள். நீதிமன்ற ஊழியனாக எழுத்தர் நாற்காலியில் தொடங்கிச் அலுவலகத் தலைமைப் பணியாளரான சிரஸ்தாராக ஓய்வு பெற்ற நானும், பணிக்காலத்தின் பெரும்பகுதியில் படிக்காமலேயே கருத்துச் சொன்னவர்களில் ஒருவன். ஓய்வுக்குப் பிறகுதான் இத்தகைய முன்வடிவுகளை வரிவரியாகப் படிக்கும் பழக்கம் வந்தது. அவற்றை முதல் பக்கத்திலிருந்து படித்தால் நம்பிக்கையும் கடைசிப் பக்கத்திலிருந்து படித்தால் விவரமும் கிடைக்கும் என்பது அந்தப் பழக்கத்தில் நான் கண்டது. சட்டம் படிக்காதவரும், வழக்கோ வழக்கறிஞரோ இல்லாதவரும் பின்பற்றக்கூடிய வகையில் அந்த முறையை இங்கே எழுதுகிறேன்.

முன்வடிவைக் கையில் பெறுதல்

நாளிதழ்ச் செய்தியை வைத்துக் கருத்து எழுதக் கூடாது. செய்தியில் வருவது பெரும்பாலும் அமைச்சர் பேசியது. சட்டமாவது அச்சிட்ட சொற்கள். நாம் பேச்சில் மசோதா என்பதைத்தான் அரசு ஆவணங்கள் சட்டமுன்வடிவு என்று குறிக்கின்றன. இணையத்தில் தேடும்போது இந்தச் சொல்லைப் பயன்படுத்தினால்தான் சரியான தாள் அகப்படும். பேரவையில் அறிமுகம் செய்யப்படும் முன்வடிவுகள் தமிழ்நாடு அரசிதழின் சிறப்பு வெளியீட்டில், நான்காம் பகுதியின் முதற்பிரிவில் வெளியாகின்றன. நிறைவேறி ஒப்புதல் பெற்ற சட்டங்களும் அவசரச் சட்டங்களும் அதே பகுதியின் இரண்டாம் பிரிவில் வரும். இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டால், கையில் இருப்பது இன்னும் மாற்றக்கூடிய முன்வடிவா, அல்லது முடிந்துபோன சட்டமா என்ற குழப்பம் வராது. அரசிதழும் பேரவையின் இணையதளமும் இலவசமாகவே கிடைக்கின்றன.

தமிழ்ப் படியையும் ஆங்கிலப் படியையும் இரண்டையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அரசமைப்புச் சட்டத்தின் 348-ஆம் பிரிவு, மாநில மொழியில் இயற்றிய சட்டத்துக்கு அரசிதழில் வெளியிடப்படும் ஆங்கில மொழிபெயர்ப்பை ஆங்கிலத்தில் அதிகாரப்பூர்வமான வாசகமாகக் கருதுகிறது. உயர் நீதிமன்றத்தில் வாதம் நடக்கும்போது பெரும்பாலும் அந்தப் படிதான் மேசையில் இருக்கும். தமிழில் தெளிவாக இருக்கும் ஒரு தொடர் ஆங்கிலத்தில் தளர்ந்தோ, அல்லது நேர்மாறாகவோ இருக்கலாம். ஐயம் வரும் இடங்களில் மட்டும் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் போதும்.

மாநிலத்தின் கைக்கு எட்டும் பொருளா?

அடுத்து, முன்வடிவு செய்ய நினைப்பதைச் செய்ய மாநிலத்துக்கு அதிகாரம் உண்டா என்று பார்க்க வேண்டும். இது வழக்கறிஞர்களின் வேலை என்று ஒதுக்குவோர் பலர். எனினும் ஒன்றியமும் மாநிலமும் எந்தெந்தப் பொருளில் சட்டம் இயற்றலாம் என்று பட்டியலிடும் அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் நான்கைந்து இனங்களை அறிந்திருந்தால் இதைச் சாமானியரும் ஓரளவு செய்துவிடலாம். நீதி நிருவாகமும், உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றங்கள் தவிர்த்த பிற நீதிமன்றங்களை அமைத்தலும் ஒரு காலத்தில் மாநிலப் பட்டியலில் இருந்தன. 1976-இல் நிறைவேறிய 42-ஆவது திருத்தம் அவற்றை எடுத்து, இரு அரசுகளும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலில் 11-ஏ என்ற இனமாக வைத்தது. நீதிமன்றக் கட்டணம் (உச்ச நீதிமன்றத்தில் பெறப்படுவது தவிர), உயர் நீதிமன்ற அலுவலர்களும் பணியாளர்களும், வாடகை மற்றும் வருவாய் நீதிமன்றங்களின் நடைமுறை ஆகியவை இன்றும் மாநிலப் பட்டியலின் மூன்றாம் இனத்தில் இருக்கின்றன. உரிமையியல் நடைமுறையும் குற்றவியல் நடைமுறையும் பொதுப்பட்டியலில் உள்ளன. உயர் நீதிமன்றத்தை அமைத்தலும் ஒழுங்குபடுத்தலும் ஒன்றியத்துக்கு உரியவை.

ஆகவே, மேற்கு மாவட்டங்களுக்கென உயர் நீதிமன்றக் கிளை ஒன்று வேண்டும் என்று மேடையில் பேசுவோரின் கோரிக்கை எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், அதை மாநிலச் சட்டமுன்வடிவு ஒன்றின் மூலம் நிறைவேற்ற இயலாது. மதுரைக் கிளை 2004 ஜூலை 24 அன்று செயல்படத் தொடங்கிய பிறகும் சேலம் மாவட்டம் சென்னை முதன்மை அமர்வின் எல்லைக்குள்ளேயே இருக்கிறது. பேரவை உறுப்பினருக்கு எழுதும் கடிதத்தில் இந்தக் கோரிக்கையைச் சேர்த்தால், மற்றக் கோரிக்கைகளின் கனமும் குறைந்துவிடும்.

பொதுப்பட்டியலில் உள்ள பொருளில் மாநிலச் சட்டம் மத்தியச் சட்டத்தோடு முரண்படுமானால், அரசமைப்புச் சட்டத்தின் 254-ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றால்தான் அது இம்மாநிலத்தில் செல்லும். நம் மாவட்டத்தில் இதற்கு நெடிய விளக்கம் தேவையில்லை. கூலமேட்டில் ஜல்லிக்கட்டுக்குக் காளை அவிழ்ப்பதற்கு வழிசெய்த 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருத்தச் சட்டம் இந்தப் பாதையில்தான் சென்றது. முன்வடிவு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தையோ குற்றவியல் நடைமுறைக்கான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவையோ திருத்துவதாக இருந்தால், அது பேரவையில் நிறைவேறிய பிறகும் தில்லிக்குப் போய்வர நேரலாம் என்று எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். நீதிமன்றக் கட்டணத்தை மட்டும் தொடுவதாக இருந்தால் அந்தப் பயணம் பொதுவாகத் தேவைப்படாது.

கட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணங்கள் மற்றும் வழக்கு மதிப்பீட்டுச் சட்டத்தில் 2017-இல் செய்த திருத்தம், மதிப்பின்மீது கட்டும் கட்டணத்தை நூற்றுக்கு ஏழரை ரூபாயிலிருந்து மூன்று ரூபாயாகக் குறைத்தது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு செய்து கொடுத்துவிட்டு 10 லட்சம் ரூபாய் வரவேண்டிய பாக்கிக்கு வழக்குத் தொடுக்க நினைக்கும் ஒரு பட்டறைக்காரர், முன்பு 75,000 ரூபாய் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. திருத்தத்துக்குப் பிறகு 30,000 ரூபாய். புதிய கட்டடமோ புதிய பணியிடமோ குழுவோ இன்றி, நடைமுறைக்கு வந்த நாளிலேயே மக்களைச் சென்றடைந்த திருத்தம் அது. பக்கங்களின் எண்ணிக்கையைக் கொண்டு சீர்திருத்தத்தை அளப்பவர்கள் இதைக் கண்டுகொள்வதே இல்லை.

கடைசிப் பக்கத்தில் தொடங்குக

முன்வடிவின் வாசகம் முடிந்தபின் இணைப்புகளாகச் சில தாள்கள் இருக்கும். நோக்கங்களையும் காரணங்களையும் விளக்கும் உரை, நிதி பற்றிய குறிப்பு, விதிகள் இயற்றும் அதிகாரத்தை அரசுக்கு ஒப்படைப்பது பற்றிய குறிப்பு ஆகியவை அவை. நோக்கவுரையை எல்லோரும் படிப்பார்கள். அது நன்றாகவே எழுதப்பட்டிருக்கும். நீங்கள் முதலில் படிக்க வேண்டியது நிதிக் குறிப்பு.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குச் சேலத்தின் வரலாற்றிலேயே காரணம் இருக்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 1999-இலும் 2002-இலும் செய்யப்பட்ட பெருந்திருத்தங்கள் 2002 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது, அவற்றை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்ற மனுதாரர்களில் நம் ஊர் வழக்கறிஞர் சங்கமும் ஒன்று. இந்தியா முழுவதும் எந்தச் சட்டக் கல்லூரியிலும் மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்லும் ‘சேலம் வழக்கறிஞர் சங்கம் எதிர் இந்திய ஒன்றியம்’ என்ற வழக்கு அதுதான். 2002 அக்டோபர் 25 அன்று வந்த முதல் தீர்ப்பு திருத்தங்கள் செல்லும் என்று கூறியது. ஆயினும் நடைமுறையில் எழும் இடர்ப்பாடுகளை ஆராய நீதியரசர் எம்.ஜெகந்நாத ராவ் தலைமையில் ஒரு குழு அமைய அது வழிவகுத்தது. குழுவின் அறிக்கைகளை ஆராய்ந்து 2005 ஆகஸ்ட் 2 அன்று இரண்டாம் தீர்ப்பு வந்தது. பிரதிவாதி தன் எதிருரையைத் தாக்கல் செய்வதற்கான 90 நாள் வரம்பு வழிகாட்டும் தன்மையதே, விதிவிலக்கான நேர்வுகளில் நீதிமன்றம் அதைத் தளர்த்தலாம் என்பதும், மூன்று வாய்தாவுக்கு மேல் கூடாது என்ற கட்டுப்பாடு மனித சக்திக்கு மீறிய சூழ்நிலைகளில் நீதிமன்றத்தின் கையைக் கட்டிவிடாது என்பதும் அந்தத் தீர்ப்பில் உள்ளன.

இவற்றைவிட, அந்தக் குழு சொன்ன வேறொன்றையே நான் பெரிதாக மதிக்கிறேன். புதிய சட்டம் ஒன்று புதிய வழக்குகளை உண்டாக்குமானால், அந்த வழக்குகளை நடத்த நீதிமன்றங்களுக்கு ஆகும் செலவையும் முன்வடிவோடு இணைக்கும் நிதிக் குறிப்பு மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று குழு பரிந்துரைத்ததை, உச்ச நீதிமன்றம் 2005 தீர்ப்பில் எடுத்துக்காட்டி அரசுகளின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. நீதித்துறைத் தாக்க மதிப்பீடு என்று அதற்குப் பெயர். அது இன்னும் இந்நாட்டில் வழக்கமாகவில்லை. ஆகவே, சேலத்துக்காரர் ஒருவர் ஒரு முன்வடிவின் நிதிக் குறிப்பைப் புரட்டி ‘செலவு எங்கே?’ என்று கேட்பது, தம் ஊர் பெயர் தாங்கிய வழக்கின் மிச்சப் பணியைச் செய்வதுபோல எனக்குத் தோன்றும்.

நிதிக் குறிப்பில் என்ன பார்ப்பது? ‘இச்சட்டத்தால் ஏற்படும் செலவைத் தற்போது துல்லியமாக மதிப்பிட இயலாது’ என்ற பொருளில் ஒரே வரி இருந்தால், அதன் கீழ்க் கோடிடுங்கள். புதிய நீதிமன்றம் என்று முன்வடிவு சொல்லும்போது நம் கண்முன் வருபவர் நீதிபதி ஒருவரே. ஆனால் ஒரு நீதிமன்றம் நடக்க சிரஸ்தார், தலைமை எழுத்தர், பெஞ்ச் கிளார்க், சுருக்கெழுத்தர், தட்டச்சர், நகல் எடுப்பவர், நீதிமன்ற ஆணைகளை நிறைவேற்றும் அமீனா, சம்மன் சார்வு செய்பவர், அலுவலக உதவியாளர், இரவுக் காவலர் ஆகியோர் தேவை. கட்டுகளை அடுக்கப் பதிவறை ஒன்றும், சாட்சிகள் உட்கார நிழலும் தேவை. திறப்பு விழா முடிந்து பல மாதங்கள் தட்டச்சர் இல்லாமல் நடந்த ஒரு நீதிமன்றத்தை நான் அறிவேன். அங்கே தீர்ப்பு சொல்லப்பட்டபின் நகலுக்காகக் காத்திருந்த காலம், சில வழக்குகளில் விசாரணை நடந்த காலத்துக்கு நெருக்கமாக இருந்தது. சட்டத்தில் ஒரு குறையும் இல்லை. நிதிக் குறிப்பில் அந்தத் தட்டச்சரைப் பற்றி யாரும் எழுதியிருக்கவில்லை, அவ்வளவே.

நீதிபதிகளின் எண்ணிக்கைக்கும் ஓர் அளவுகோல் உண்டு. பத்து லட்சம் மக்களுக்கு ஐம்பது நீதிபதிகள் வேண்டும் என்று சட்ட ஆணையம் 1987-இல் தன் 120-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. அந்த நிலையை ஐந்தாண்டுகளில் எட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் அகில இந்திய நீதிபதிகள் சங்க வழக்கில் பணித்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சேலம் மாவட்ட மக்கள் 34,82,056 பேர். அந்த அளவுகோலின்படி மாவட்டத்துக்கு ஏறத்தாழ 174 நீதிபதிகள் தேவை. மாவட்ட நீதிமன்றத்தின் இணையதளத்தில் நீதிபதிகளின் பட்டியல் இருக்கிறது. சேலம், ஆத்தூர், மேட்டூர், சங்ககிரி, ஓமலூர் என்று ஒவ்வொன்றாக எண்ணிக் கூட்டி, 174 என்ற எண்ணோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். கருத்துக் கடிதத்தில் எழுத இதைவிட எளிய கணக்கு கிடைக்காது.

நியமனத்திலும் கவனம் வேண்டும். மாவட்ட நீதிபதிகளை உயர் நீதிமன்றத்தைக் கலந்து ஆளுநர் நியமிக்கிறார். அவர்களுக்குக் கீழுள்ள உரிமையியல் நீதிபதிகளுக்கான தேர்வைத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்துகிறது. கீழமை நீதிமன்றங்களின் மீதான கட்டுப்பாடு 235-ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்திடம் இருக்கிறது. எனவே, எத்தனை நீதிமன்றங்களைத் திறக்கலாம் என்று முன்வடிவு சொன்னாலும், அவற்றில் அமரப் போகிறவர்களைத் தேர்ந்தெடுக்கும் பணி வேறு இரண்டு அமைப்புகளின் நாட்காட்டியைச் சார்ந்தது. உயர் நீதிமன்றத்தைக் கலந்தாலோசித்ததாக முன்வடிவிலோ இணைப்பிலோ ஒரு வரியாவது இருக்கிறதா என்று தேடுங்கள்.

‘-லாம்’ என்ற விகுதியும் பிற இடங்களும்

இனி முன்வடிவின் உடலுக்கு வரலாம். எல்லாப் பிரிவுகளையும் ஒரே கவனத்தோடு படிக்க வேண்டியதில்லை. வரையறைப் பிரிவை ஒருமுறை பார்த்துவிட்டுக் கடந்துவிடலாம். வினைமுற்றுகளில்தான் நிறுத்திப் படிக்க வேண்டும். ‘அரசு நீதிமன்றங்களை அமைக்கலாம்’ என்பதற்கும் ‘அமைத்தல் வேண்டும்’ என்பதற்கும் இடையே ஒரு மலையே இருக்கிறது. முதலாவது அரசுக்கு அதிகாரம் தருகிறது. இரண்டாவது கடமை விதிக்கிறது. சிவப்பு மையால் ‘-லாம்’ என்ற விகுதிகளை எல்லாம் வட்டமிட்டுக்கொண்டே போனால், முன்வடிவு உண்மையில் எதற்குக் கட்டுப்படுகிறது என்பது அரைமணி நேரத்தில் விளங்கிவிடும்.

அடுத்தது தொடக்கப் பிரிவு. ‘அரசு அறிவிக்கையின் மூலம் குறிக்கும் நாளில் நடைமுறைக்கு வரும்’ என்று இருந்தால், நிறைவேறிய நாளுக்கும் உயிர்பெறும் நாளுக்கும் இடையே எவ்வளவு காலமும் போகலாம். 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்து, வாடகை அதிகார அமைப்பு, வாடகை நீதிமன்றம், வாடகைத் தீர்ப்பாயம் என்ற மூன்றடுக்கை உருவாக்கிய தமிழ்நாட்டுச் சட்டம் பெயரில் 2017-ஐத் தாங்கியிருக்கிறது. நடைமுறைக்கு வந்ததோ 2019 பிப்ரவரி 22 அன்று. இடைப்பட்ட காலத்தில் ‘புதுச் சட்டம் வந்துவிட்டதாமே’ என்று கேட்டுக்கொண்டு வந்த வீட்டுக்காரர்களுக்கும் குடியிருப்பவர்களுக்கும் பதில் சொன்ன அனுபவம் எனக்கு உண்டு.

மூன்றாவது, நிலுவை வழக்குகள் என்னவாகும் என்று கூறும் இடைக்கால ஏற்பாட்டுப் பிரிவு. புதிய நீதிமன்றம் ஒன்றை ஏற்படுத்தும்போதும், முன்சீப் நீதிமன்றம், சார்பு நீதிமன்றம் ஆகியவை எவ்வளவு மதிப்புள்ள வழக்கை விசாரிக்கலாம் என்ற பண வரம்பை உயர்த்தும்போதும், பழைய கட்டுகள் இருக்கும் இடத்திலேயே இருக்குமா, இடம் மாறுமா என்பதை இது முடிவு செய்கிறது. வாதிப் பிரதிவாதிகளுக்கு இதைவிட முக்கியமான பிரிவு இல்லை. மேல்நோக்கி வரம்பை உயர்த்தினால் நூற்றுக்கணக்கான கட்டுகள் மாவட்ட நீதிமன்றத்திலிருந்து கீழே இறங்கும். ஒவ்வொன்றுக்கும் புதிய எண், புதிய அறிவிப்பு, புதிய வாய்தா. சாட்சி விசாரணை பாதியில் நிற்கும் வழக்குகளையாவது மாற்றாமல் விட வேண்டும் என்று கேட்பது நியாயமான திருத்தம் என்பது என் கருத்து.

விதிகள் இயற்றும் அதிகாரத்தைப் பற்றிய பிரிவில், விதிகள் எத்தனை காலத்துக்குள் இயற்றப்பட வேண்டும் என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஏற்காட்டு மலையிலிருந்து பார்த்தால்

நகரத்தில் இருப்பவருக்கு நீதிமன்றச் சீர்திருத்தம் என்பது வேகத்தைப் பற்றிய கேள்வி. சேர்வராயன் மலையில் இருப்பவருக்கு அது தூரத்தைப் பற்றிய கேள்வி. மாரமங்கலத்திலோ நாகலூரிலோ காப்பியும் மிளகும் வைத்திருக்கும் மலையாளிப் பழங்குடிக் குடும்பம் ஒன்று, சார்பு நீதிமன்றத்திலோ மாவட்ட நீதிமன்றத்திலோ ஒரு பாகவழக்குக்காக ஆஜராக வேண்டுமானால், ஊரிலிருந்து ஏற்காட்டுக்கு ஒரு பேருந்து, இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி அடிவாரம் வழியாகச் சேலத்துக்கு ஒரு பேருந்து என்று ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வர வேண்டும். வந்து சேர்ந்தபின் ‘நீதிபதி விடுப்பு, வாய்தா’ என்று கேட்டுவிட்டுத் திரும்பும் முகங்களைப் பெஞ்ச் கிளார்க்குகள் எல்லோரும் அறிவார்கள். எனவே, மலையிலிருந்து எழுதுபவர்கள் முன்வடிவில் ‘நடமாடும் நீதிமன்றம்’, ‘முகாம் அமர்வு’, ‘காணொலி மூலம் விசாரணை’ போன்ற சொற்கள் உள்ளனவா என்று முதலில் தேட வேண்டும்.

இந்தத் தேவைக்கென்றே ஒரு மத்தியச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. 2008-ஆம் ஆண்டின் கிராம நியாயாலயச் சட்டம் 2009 அக்டோபர் 2 அன்று நடைமுறைக்கு வந்தது. முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்குரிய தகுதி உடைய நியாயாதிகாரி ஒருவர் ஊர்களுக்கே சென்று அமர்வு நடத்துவதும், உரிமையியல் வழக்குக்கு நூறு ரூபாய்க்கு மேற்படாத கட்டணமும், சமரசத்துக்கு முதலிடமும் அதில் உள்ளன. ஆனால் அதன் மூன்றாம் பிரிவு, மாநில அரசு உயர் நீதிமன்றத்தைக் கலந்து அவற்றை ‘அமைக்கலாம்’ என்றுதான் சொல்கிறது. நான் மேலே சொன்ன விகுதியின் வலிமையை இங்கே காணலாம்: தமிழ்நாடு அந்த வழியை மேற்கொள்ளவில்லை. வட்டந்தோறும் முன்சீப் மற்றும் நடுவர் நீதிமன்றங்கள் இருப்பதால் அது தேவையில்லை என்ற வாதத்தில் சமவெளியைப் பொறுத்தவரை ஓரளவு நியாயம் உண்டு. மலையைப் பொறுத்தவரை எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

பழங்குடிப் பகுதிகளுக்கான அரசமைப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையின்கீழ் தமிழ்நாட்டில் எந்தப் பகுதியும் அறிவிக்கப்படாததால், பிற மாநிலங்களின் பழங்குடிப் பகுதிகளுக்குக் கிடைக்கும் தனி ஏற்பாடுகளை இங்கே எதிர்பார்க்க இயலாது. அதே நேரத்தில், பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட இரண்டே இரண்டு பேரவைத் தொகுதிகளில் ஏற்காடு ஒன்று (மற்றது சேந்தமங்கலம்). ஆகவே, மலைவாழ் மக்களின் கோணத்தில் ஒரு பிரிவுக்குத் திருத்தம் கொண்டுவருவதற்குப் பேரவையில் குரல் கொடுக்க உரிய இடம் அத்தொகுதிதான். ஊராட்சியின் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி அனுப்புவதும் நல்ல வழி. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் சபைகளில் எது அருகில் வருகிறதோ அதற்குள் வாசகத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். அத்தீர்மானம் அரசைக் கட்டுப்படுத்தாது. ஆனால் பதிவேட்டில் நிற்கும்.

கருத்தை எழுதி அனுப்புதல்

மத்திய அரசு தன் முன்வடிவுகளை முப்பது நாட்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று 2014-இல் ஒரு கொள்கை வகுத்தது. மாநிலத்தை அது கட்டுப்படுத்தாது. இங்கே பெரும்பாலான முன்வடிவுகள் அறிமுகமான சில நாட்களிலேயே, பெரும்பாலும் கூட்டத்தொடரின் இறுதி நாட்களில், குரல் வாக்கெடுப்பில் நிறைவேறிவிடுகின்றன. மேலவை 1986 நவம்பர் 1 முதல் இல்லை என்பதால், பேரவையில் நிறைவேறியதை இன்னொரு அவை திரும்பப் பார்க்கும் வாய்ப்பும் கிடையாது. எனவே, அமைச்சரின் அறிவிப்பு வந்தவுடனேயே கடிதத்தின் பாதியை எழுதி வைத்துவிட வேண்டும். பிரிவு எண்களை மட்டும் அரசிதழ் வந்தபின் நிரப்பிக்கொள்ளலாம்.

யாருக்கு எழுதுவது என்பதில் பலர் தவறு செய்கிறார்கள். திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுப்பதால் முன்வடிவில் ஓர் எழுத்தும் மாறாது. நாடாளுமன்ற உறுப்பினருக்கும் இதில் பங்கில்லை. மாவட்டத்தில் பதினொரு பேரவைத் தொகுதிகள் இருக்கின்றன. உங்கள் தொகுதி உறுப்பினருக்கு முதல் படி, சட்ட அமைச்சருக்கு இரண்டாம் படி, நீதிமன்றங்கள் பொருளைக் கவனிக்கும் உள்துறைச் செயலாளருக்கு மூன்றாம் படி என்று அனுப்புங்கள். அமைச்சரும் செயலாளரும் இருப்பது தலைமைச் செயலகம், சென்னை 600 009 என்ற முகவரியில். முன்வடிவு, அதை ஆராயும் உறுப்பினர்களின் தெரிவுக் குழுவுக்கு அனுப்பப்பட்டால் அக்குழுவின் தலைவருக்கும் ஒரு படி. ஆளுங்கட்சி உறுப்பினர், எதிர்க்கட்சி உறுப்பினர் என்று பார்க்க வேண்டாம்; ஒரு பிரிவுக்குத் திருத்த அறிவிப்புக் கொடுக்க எந்த உறுப்பினருக்கும் உரிமை உண்டு.

பேரவையின் மனுக்கள் குழு மாவட்டங்களுக்கு வரும்போது பலர் வழக்குக் கட்டோடு போய் நிற்கிறார்கள். நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள பொருளை அக்குழு எடுத்துக்கொள்ளாது. சீர்திருத்தம் பற்றிய கருத்துக் கடிதத்திலும் சொந்த வழக்கை நுழைக்காதீர்கள். உங்கள் வழக்கின் எண்ணைக் கண்டதும் படிப்பவர் அதைப் புகார் மனு என்று ஒதுக்கிவிடுவார்.

கடிதம் இரண்டு பக்கங்களுக்கு மேல் போகக் கூடாது. ‘நீதி விரைவாகக் கிடைக்க ஆவன செய்ய வேண்டும்’ என்ற வகை வாக்கியங்கள் எவருக்கும் பயன்படா. ஒரு கோரிக்கை, அதற்குரிய பிரிவு, இப்போதுள்ள வாசகம், நீங்கள் கேட்கும் வாசகம், அதற்கு ஒரே காரணம் என்ற வரிசையில் எழுதினால், உறுப்பினர் அதை அப்படியே திருத்தமாக மாற்றிக் கொடுக்க முடியும். எடுத்துக்காட்டாக, கற்பனையான முன்வடிவு ஒன்றை வைத்து எழுதிக் காட்டுகிறேன்:

‘முன்வடிவின் 5-ஆம் பிரிவில், “அரசு, மலைப்பகுதிகளில் முகாம் நீதிமன்றங்களை அமைக்கலாம்” என்று உள்ளது. இதனை, “அரசு, உயர் நீதிமன்றத்தைக் கலந்தாலோசித்து, இச்சட்டம் நடைமுறைக்கு வந்த ஓராண்டுக்குள், மலைப்பகுதி வட்டம் ஒவ்வொன்றிலும் மாதம் இருமுறையேனும் முகாம் நீதிமன்றம் நடைபெற ஏற்பாடு செய்தல் வேண்டும்” என்று மாற்றுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஏற்காடு வட்டத்தின் மலைக்கிராமங்களிலிருந்து சேலம் வந்து திரும்ப ஒரு முழு நாள் ஆகிறது. மேலும், நிதிக் குறிப்பில் முகாம் நீதிமன்றப் பணியாளர்களுக்கான செலவு காட்டப்படவில்லை. அதனைச் சேர்க்குமாறும் கோருகிறேன்.’

எண்களைச் சேர்ப்பதானால் தேசிய நீதித்துறைத் தரவுத் தொகுப்பைப் பயன்படுத்துங்கள். அதில் சேலம் மாவட்டத்தைத் தெரிவு செய்தால், உரிமையியல் வழக்குகள் எத்தனை, குற்றவியல் வழக்குகள் எத்தனை, அவற்றில் ஐந்தாண்டு, பத்தாண்டு கடந்தவை எத்தனை என்று அன்றைய நிலவரம் தெரியும். எடுத்த நாளைக் கடிதத்தில் குறிப்பிடுங்கள். அந்த எண்கள் நாள்தோறும் மாறும். ஓர் எச்சரிக்கையும் உண்டு: தீர்ப்பாணை பெற்றபின் அதை நிறைவேற்றக் கோரும் மனுக்களைத் தனியாகப் பாருங்கள். வழக்கில் வென்றும் பலனைக் காணாதவர்களின் வரிசை அங்கேதான் நிற்கிறது. சீர்திருத்தம் பேசும் முன்வடிவுகள் தீர்ப்பு வரையிலான காலத்தைப் பற்றித்தான் பேசுகின்றன. அமீனா கையில் வாரண்டு கிடைத்தபின் ஆகும் காலத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

விரைவு அஞ்சலில் அனுப்பி, அதன் ரசீதைக் கடிதத்தின் நகலோடு தைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நிறைவேறிய பிறகு

பேரவை நிறைவேற்றிய முன்வடிவு 200-ஆம் பிரிவின்படி ஆளுநரிடம் செல்லும். அவர் ஒப்புதல் அளிக்கலாம், திருப்பி அனுப்பலாம், குடியரசுத் தலைவரின் பார்வைக்கு ஒதுக்கலாம். இதற்குக் காலவரம்பு உண்டா என்ற கேள்வியில், தமிழ்நாடு அரசு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு 2025 ஏப்ரல் 8 அன்று வரம்புகளை விதித்தது. அதே ஆண்டு நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, அத்தகைய வரம்பை நீதிமன்றம் விதிக்க இயலாது என்று கருத்துரைத்தது. ஆகவே, காத்திருப்பு எவ்வளவு என்று கணக்கிட்டுச் சொல்ல எவராலும் முடியாது.

ஒப்புதல் கிடைத்துச் சட்டம் அரசிதழில் வந்தபின் மூன்று ஆவணங்களுக்காகக் கண் வைத்திருங்கள்: நடைமுறைக்கு வரும் நாளைக் குறிக்கும் அறிவிக்கை, விதிகள், பணியிடங்களை உருவாக்கி நிதி ஒதுக்கும் அரசாணை. மூன்றாவது வராமல் முதலிரண்டும் வந்தால், ஏற்கெனவே இருக்கும் நீதிபதிக்குக் ‘கூடுதல் பொறுப்பு’ என்ற பெயரில் புதிய நீதிமன்றம் இயங்கத் தொடங்கும். ஒரே பெஞ்ச் கிளார்க் இரண்டு அழைப்புப் பட்டியல்களைத் தூக்கிக்கொண்டு அலைவார். ஆறு மாதங்கள் கழித்தும் அரசாணை கண்ணில் படவில்லை என்றால், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் உள்துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு அனுப்புங்கள். ‘ஏன் தாமதம்’ என்று கேட்காதீர்கள். காரணம் கேட்கும் வினாவைத் தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். ‘இச்சட்டத்தின்கீழ் சேலம் மாவட்டத்துக்கு உருவாக்கப்பட்ட பணியிடங்களின் எண்ணிக்கை, அவற்றுக்கான அரசாணையின் நகல், நிரப்பப்பட்ட பணியிடங்களின் எண்ணிக்கை’ என்று ஆவணமாக உள்ளதை மட்டும் கேளுங்கள். முப்பது நாட்களுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ, ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற ஒற்றை வரி மட்டும் வந்தாலோ, அடுத்த முப்பது நாட்களுக்குள் அத்துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு செய்யலாம். அதற்குக் கட்டண வில்லை தேவையில்லை.